பயன்பாட்டுப் புவி இயற்பியல் படிக்கலாமா? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளைகளும், பிளஸ் டூ முடித்தவர்களின் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் இந்தப் படிப்பைப் படித்தவன். பல வருடங்களாக நிலத்தடி நீர் ஆய்வில் இருக்கிறேன். அதனால் தண்ணீர் பக்கம் என் பேச்சு கொஞ்சம் சாயும்.

பயன்பாட்டுப் புவி இயற்பியல் என்றால் என்ன?

தோண்டாமல் தரைக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் இயற்பியல். டாக்டர் வயிற்றைக் கிழிக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறாரே, அதைப் போல. பாறைக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் அடர்த்தி வேறு, மின்சாரத்தைத் தடுக்கும் அளவு வேறு, ஒலி அலை போகும் வேகம் வேறு, காந்தத் தன்மை வேறு. இந்த வேறுபாடுகளை மேலே நின்று அளந்து, கீழே என்ன இருக்கும் என்று கணக்குப் போடுகிறோம்.

தமிழில் ஒரு குழப்பம் உண்டு. 'புவியியல்' என்றால் பள்ளியில் படித்த வரைபடப் பாடமும் அதுதான், கல்லைப் பற்றிய ஜியாலஜியும் பல இடங்களில் அதுதான். இந்தப் பக்கத்தில் ஜியாலஜியை நிலவியல் என்றே எழுதுகிறேன். புவி இயற்பியல் இரண்டிலிருந்தும் தனி. நிலவியல் தெரிந்த இயற்பியல்காரர் என்று புரிந்துகொண்டால் போதும்.

நான் இயற்பியல் மாணவன். கல்லைப் பற்றி எதுவுமே தெரியாது. சேரலாமா?

தாராளமாக. உண்மையில் இந்தத் துறைக்கு வருபவர்களில் பலர் அப்படித்தான் வருகிறார்கள். கிரானைட்டுக்கும் சார்னோகைட்டுக்கும் வேறுபாடு ஒரு செமஸ்டரில் பிடிபட்டுவிடும். ஆனால் கற்றுக்கொள்ளும் விருப்பம் வேண்டும். 'எனக்கு எண் போதும், கல் வேண்டாம்' என்று இருப்பவர்கள் கணினியில் அழகான படம் வரைவார்கள், அந்தப் படத்துக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் இருக்காது.

நிலவியலில் இருந்து வருபவர்களுக்குச் சிரமம் எதிர்ப்பக்கம். அவர்கள் கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு கணக்கு வேண்டும்?

அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், ஃபூரியே மாற்றம், கொஞ்சம் புள்ளியியல். இந்த நான்கில் கால் ஊன்றி நின்றால் வகுப்பில் தடுமாற மாட்டீர்கள். முதல் வருடத்தில் பலர் மாட்டிக்கொள்வது ஃபூரியே மாற்றத்தில். பி.எஸ்சி.யில் சூத்திரத்தை மனப்பாடம் செய்து தப்பித்திருப்போம். இங்கே நில அதிர்வுத் தரவில் எது செய்தி, எது இரைச்சல் என்று பிரிப்பதே அதை வைத்துத்தான். சேருவதற்கு முன் இருக்கும் இரண்டு மாத விடுமுறையில் இதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

படிப்பில் என்னென்ன முறைகள் சொல்லித் தருவார்கள்?

முக்கியமானவை நான்கைந்துதான். ஒவ்வொன்றையும் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு எது பிடிக்கும் என்பது இங்கேதான் தெரியும்.

நில அதிர்வு முறை: சுத்தியலால் இரும்புத் தட்டை அடித்தோ, வெடி வைத்தோ, பெரிய லாரியை வைத்துத் தரையை அதிரச் செய்தோ அலையை உள்ளே அனுப்புவது. வரிசையாக நட்டு வைத்த ஜியோஃபோன்கள் திரும்பி வரும் அலையைப் பதிவு செய்யும். உலர்ந்த மணலில் அலை நொடிக்குச் சில நூறு மீட்டர்தான் போகும். தண்ணீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர், நல்ல கிரானைட்டில் 5,000 மீட்டருக்கு மேல். எண்ணெய் நிறுவனங்கள் பெருமளவு நம்பியிருப்பது இந்த முறையைத்தான்.

மின் தடைத்திறன் முறை: இரண்டு கம்பிகளை அடித்து மின்சாரம் செலுத்தி, நடுவில் உள்ள இரண்டு முனைகளில் மின்னழுத்தத்தை அளப்பது. வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் மின்சாரம் ஆழமாகப் போகும். பிரெஞ்சுக்காரரான கான்ராட் ஷ்லம்பர்ஜே 1912-இல் இந்தச் சோதனைகளைத் தொடங்கினார். இன்றும் நம் ஊரில் கிணற்றுக்கு இடம் பார்க்க விரிக்கும் கேபிள் அமைப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஈர்ப்பு முறை: இதில் பொறுமை வேண்டும். அளக்கும் அலகு மில்லிகால், அதாவது புவியீர்ப்பில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கருவியை ஒரு மீட்டர் உயர்த்தி வைத்தாலே 0.3086 மில்லிகால் குறைந்துவிடும். தேடும் பொருளின் தாக்கம் பல நேரம் அதைவிடச் சிறியது. ஆகவே ஒவ்வொரு அளவிடத்தின் உயரத்தையும் சென்டிமீட்டர் கணக்கில் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காந்த முறை: வேகமானது, செலவு குறைவு. ஆனால் சாவிக்கொத்து, பெல்ட் கொக்கி, செல்போன் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) நம் தெற்கு மாவட்டங்களை ஒட்டிப் போவதால், பகலில் வானத்தில் ஓடும் மின்னோட்டம் நண்பகலில் அளவை 100 நானோடெஸ்லா வரைகூட ஏற்றிவிடும். ஒரு கருவியை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து, அந்த ஏற்றத்தைக் கழித்தால்தான் தரைக்கடியில் இருப்பது தெரியும். இதை ஆராய்வதற்காகவே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்து மாணவர்கள் ஒருமுறை அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் தரை ஊடுருவும் ரேடார். குழாய், கேபிள், புதைந்த சுவர் இவற்றுக்கு நல்லது. களிமண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் அலை சீக்கிரம் செத்துவிடும்.

இதில் மிகக் கடினமான விஷயம் எது?

கருவியோ கணக்கோ இல்லை. ஒரே அளவுக்குப் பல விடைகள் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு வேலை செய்வதுதான். இந்தப் படிப்பிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாம் என்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்திருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட கடலோர ஊரில் கேபிள் விரித்து அளக்கிறீர்கள். 30 மீட்டர் ஆழத்தில் தடைத்திறன் 5 ஓம்-மீட்டர் என்று வருகிறது. அது உவர்நீர் நிரம்பிய மணலாக இருக்கலாம். கெட்டியான களிமண்ணாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் எண் ஒன்றுதான். விவசாயிக்கோ இரண்டும் வேறு வேறு செய்தி. களிமண் என்றால் அதற்குக் கீழே நல்ல தண்ணீர் காப்பாற்றப்பட்டு இருக்க வாய்ப்புண்டு. உவர்நீர் என்றால் அங்கே போர் போடுவது காசைக் கொட்டுவது.

எப்படிப் பிரிப்பது? பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் உப்பை அளக்கலாம். பழைய போர் தோண்டும்போது எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று அந்த வீட்டுப் பெரியவரைக் கேட்கலாம். மின்சாரத்தை நிறுத்தியபின் மின்னழுத்தம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்க்கும் ஐ.பி. அளவையும் சேர்த்து எடுக்கலாம். இப்படி ஒன்றுக்கொன்று சாட்சி சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். கணினி நிரல் எப்போதும் ஏதாவது ஒரு விடையைக் கொடுக்கும். விடை வந்துவிட்டது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது.

நான் வேலைக்கு வந்த புதிதில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கடினப்பாறைப் பகுதியில், கடன் வாங்கிப் போர் போட இருந்த ஒருவருக்கு இடம் குறித்துக் கொடுத்தேன். அளவுகளை வரைந்த கோட்டில் ஓரிடத்தில் தெளிவான மடிப்பு இருந்தது. ஆழத்தில் பாறை வெடிப்பு இருக்கிறது, தண்ணீர் வரும் என்று எழுதிக் கொடுத்தேன். வெறும் புழுதிதான் வந்தது. பிறகு போய்ப் பார்த்தால், நான் கேபிள் விரித்த வரிசையில் ஒரு வெளிக்கம்பி நனைந்த வாய்க்கால் கரையில் இறங்கியிருந்தது. மடிப்புக்குக் காரணம் ஆழம் இல்லை, அந்த ஈர மண். குறுக்காக இன்னொரு வரிசை விரித்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு இரண்டு திசையில் அளக்காமல் நான் யாருக்கும் இடம் சொன்னதில்லை.

களப்பயிற்சி எப்படி இருக்கும்?

உடம்பு வேலை. வெயிலில் கேபிள் சுருட்ட வேண்டும், கம்பி அடிக்க வேண்டும், தரை காய்ந்திருந்தால் ஒவ்வொரு கம்பியிலும் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். லாரி போகும்போது நில அதிர்வு அளவு கெடும் என்பதால் விடியற்காலையில் எழுந்து போவோம். ராத்திரி உட்கார்ந்து அன்றைய ரீடிங்கை அன்றைக்கே வரைந்துவிட வேண்டும். தப்பு இருந்தால் மறுநாள் அதே இடத்துக்குப் போகலாம், ஊர் திரும்பிய பிறகு போக முடியாது.

குறிப்புப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதும் பழக்கம் இங்கேதான் வரும். மின்கம்பி மேலே போகிறதா, பக்கத்தில் இரும்பு வேலி இருக்கிறதா, முந்தின நாள் மழை பெய்ததா. நான் சொன்ன வாய்க்காலை அன்றைக்குக் குறித்து வைத்திருந்தால் அந்தப் போர் போட்டிருக்கவே மாட்டார்கள்.

இந்தியாவில் எங்கே படிக்கலாம்?

இந்தப் படிப்புக்குப் பெயர் போன இடம் தன்பாத். 1926-இல் இந்தியச் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கி, 2016-இல் ஐ.ஐ.டி. ஆனது. பயன்பாட்டுப் புவி இயற்பியலுக்கு அங்கே தனித் துறையே இருக்கிறது. ஐ.ஐ.டி. பம்பாயில் எம்.எஸ்சி. பயன்பாட்டுப் புவி இயற்பியல் உண்டு. கரக்பூர், ரூர்க்கி இரண்டிலும் இந்தத் துறை வலுவானது. பல்கலைக்கழகங்களில் விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் உஸ்மானியா, வாரணாசியின் காசி இந்துப் பல்கலைக்கழகம், ஹரியானாவின் குருக்ஷேத்ரா ஆகியவற்றைச் சொல்லலாம். கடல் பக்கம் ஆர்வம் இருந்தால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் புவி இயற்பியல் இருக்கிறது. நமக்குப் பக்கம் வேறு.

ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு எழுத வேண்டும். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். கடைசி வருட மாணவர்கள் பலர் இந்தத் தேதியைத்தான் தவற விடுகிறார்கள். எந்தப் பாடத் தாள் எந்தப் படிப்புக்குச் செல்லும் என்பதை அந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்தவுடன் வர விரும்புபவர்களுக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் வழியாக ஐந்தாண்டுப் படிப்புகள் உண்டு.

தமிழ்நாட்டிலேயே இருந்து படிக்க வழி இல்லையா?

நிலவியல் படிக்க வழி இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் நிலவியல் துறைகள் இருக்கின்றன. அங்கே படிக்கும்போது புவி இயற்பியலும் ஒரு தாளாக வரும். முழு நேரப் படிப்பாக வேண்டும் என்றால் வெளி மாநிலம் போகத் தயாராக இருப்பது நல்லது. எனக்கு இது வருத்தம்தான். ஏனென்றால் இந்தியாவில் இந்தத் துறையின் வேர் நம் ஊரில் இருக்கிறது.

1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து ஒரு அடிக்கோட்டை அளந்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீடு. அது வடக்கே போனபோது கல்யாணா, கல்யாண்பூர் என்ற இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தைத் தரையில் அளந்ததும் நட்சத்திரத்தைப் பார்த்து அளந்ததும் 5.236 நொடிக்கோணம் ஒத்துப்போகவில்லை. இமயமலை தூக்குநூலை இழுக்கிறது என்று கல்கத்தாவில் இருந்த பாதிரியார் பிராட் கணக்குப் போட்டுப் பார்த்தால், 15 நொடிக்கு மேல் வந்திருக்க வேண்டும். மலை ஏன் குறைவாக இழுக்கிறது? 1855-இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர், மலைக்குக் கீழே எடை குறைந்த பாறை வேர்போல இறங்கியிருக்கிறது என்றார். ஒத்துப்போகாத ஓர் எண்ணைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் அது தெரிந்தது. வகுப்பில் இந்தப் பகுதி வரும்போது பரங்கிமலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் படிக்கலாமா? வீட்டில் தயங்குகிறார்கள்.

படிக்கலாம், படிக்கிறார்கள், வேலையும் பார்க்கிறார்கள். தரைக்கடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை செய்ய 1952 சுரங்கச் சட்டத்தில் இருந்த தடை 2019-இல் நிபந்தனைகளோடு தளர்த்தப்பட்டது. அந்த ஒரு கதவும் திறந்துவிட்டது.

களத்தில் உள்ள உண்மையான சிரமம் கழிப்பறை, தங்குமிடம், திரும்பி வரும் நேரம். இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. துறையைத் தேர்ந்தெடுக்கும்போது 'களப்பயிற்சிக்கு ஆசிரியை கூட வருவாரா, எங்கே தங்க வைப்பீர்கள்' என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல துறை தெளிவாகப் பதில் சொல்லும். தரவுப் பகுப்பாய்வில் முழுநேரமும் அலுவலகத்திலேயே இருக்கும் வேலைகளும் நிறைய.

படித்தால் வேலை என்ன?

அரசுப் பக்கம் முதலில் சொல்ல வேண்டியது யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் (ஜி.எஸ்.ஐ.) ஜியோஃபிசிசிஸ்ட் ஆகப் போகலாம், மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் இடம் உண்டு. முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டம். அணுசக்தித் துறையின் கனிம இயக்ககம் யுரேனியம் தேடுகிறது. ஆராய்ச்சி வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் 1961 முதல் இருக்கும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம். ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் பல வருடங்கள் கேட் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எடுத்தன, இப்போது எப்படி என்பதை அந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கேட் தேர்வில் நிலவியலுக்கும் புவி இயற்பியலுக்கும் சேர்த்து ஒரே தாள். உள்ளே நீங்கள் புவி இயற்பியல் பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம்.

தனியார் பக்கம் மெட்ரோ, அணை, காற்றாலை, பாலம் கட்டும் முன் தரையைச் சோதிக்கும் வேலைகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. தொல்லியலிலும் இப்போது தேவை வந்துவிட்டது. எங்கே குழி தோண்டுவது என்று தீர்மானிக்கக் கீழடியிலேயே இந்த முறைகளைப் பயன்படுத்தினார்கள்.

எண்ணெய் விலை விழுந்தால் வேலை போய்விடும் என்கிறார்களே?

எண்ணெய்த் துறையில் உண்மைதான். விலை விழுந்தால் முதலில் நிறுத்துவது புது இடம் தேடும் வேலையைத்தான். ஆகவே நில அதிர்வு ஒன்றை மட்டும் படித்துக்கொண்டு நிற்காதீர்கள். மின் முறையோ, மேல்தரை ஆய்வோ ஏதாவது ஒன்று கூடவே கையில் இருக்கட்டும்.

காவிரி டெல்டாவில் எண்ணெய் எடுப்பதை எதிர்த்துப் போராடினோம். இந்தப் படிப்பு அதற்குத் துணை போவதாகாதா?

நியாயமான கேள்வி. 2020-இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது உங்களுக்கும் தெரியும். என் கருத்து இது: அங்கே கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது, நிலத்தடி நீருக்கு என்ன ஆகிறது என்று அளந்து சொல்லவும் இதே படிப்புதான் வேண்டும். ஊர்ப் பக்கம் நின்று பேச அளக்கத் தெரிந்தவர்கள் தேவை. நீங்கள் எந்த வேலைக்குப் போவது என்பது உங்கள் முடிவு.

நீரோட்டம் பார்ப்பவர் தேங்காயை வைத்துச் சொல்கிறாரே, அது சரியாக வருகிறதே?

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப்பாறை. அதன் மேல் சிதைந்த பாறை அடுக்கு நல்ல தடிமனில் இருக்கும் ஊர்களில் எங்கே போர் போட்டாலும் கொஞ்சமாவது தண்ணீர் வரும். அங்கே யார் சொன்னாலும் சரியாக வரும். அடுக்கு மெலிந்த ஊரில்தான் வித்தியாசம் தெரியும். அந்தப் பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். அந்த ஊரில் எந்தக் கிணறு எந்த வருடம் வற்றியது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும், அது உங்களுக்கு வேண்டிய தகவல்.

நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லக் கற்றுத் தருவார்களா?

இல்லை. நாள், நேரம் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. எந்தப் பகுதி எவ்வளவு குலுங்கக்கூடும் என்று கணிக்கலாம், அதற்கேற்றபடி கட்டடம் கட்டலாம்.

தமிழ் வழியில் படித்தவன். சமாளிக்க முடியுமா?

முடியும். முதல் செமஸ்டர் கடினமாக இருக்கும். கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள், உடைந்த ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்காக எந்த நல்ல ஆசிரியரும் மதிப்பெண் குறைத்ததில்லை. ஒன்று செய்யுங்கள்: அன்றைக்கு நடந்த பாடத்தை ராத்திரி தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள்.

எந்த மென்பொருள் கற்றுக்கொள்வது?

பைதான். அதோடு நில அதிர்வுப் பதிவுகளுக்கு ஒப்ஸ்பை, மின் முறைக்குப் பைஜிம்லி. இரண்டும் இலவசம்.

சேருவதற்கு முன் வீட்டிலிருந்தே ஏதாவது செய்து பார்க்கலாமா?

செய்யலாம், செலவே இல்லை. செல்போனில் காந்தமானி இருக்கிறது, அதன் அளவைக் காட்டும் இலவசச் செயலிகளும் இருக்கின்றன. நம் ஊரில் அது ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா காட்ட வேண்டும். மொட்டை மாடியில் சாக்பீஸால் அரை மீட்டர் இடைவெளியில் கட்டம் போடுங்கள். போனைத் தரையிலேயே, ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத் தாளில் சமமான எண்களைக் கோட்டால் இணையுங்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் உத்திரமும் எங்கே ஓடுகின்றன என்று ஓர் ஊகம் கிடைக்கும். பிறகு கீழே இறங்கிப் போய், உத்திரம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்துக்குக் காரணம் தேட உட்கார்ந்தீர்கள் என்றால் விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம்.